எல்லை தாண்டிய நத்தை

எங்கள் மலையில் புத்தாண்டன்று பழைய துணி உடுத்தினால் ஆண்டு முழுக்க வறுமை வரும். அதனால் நாங்கள் ஆண்டுதோறும் புதிதாகத் தைத்து உடுத்துகிறோம். வறுமையும் ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது. ஒருமுறை இதை அம்மாவிடம் கேட்டேன். "லுவாங் பிரபாங் டவுன் காலேஜுல இதைத்தான் சொல்லித் தர்றாங்களா?" என்றாள்.

இந்த ஆண்டு நான் எதையும் கேட்கவில்லை. காரணம் பா ஹுவா. லோர் குலத்துப் பெண், அடுத்த மேட்டு ஊர். புத்தாண்டில் பெண்களும் பையன்களும் எதிரெதிர் வரிசையாக நின்று துணிப்பந்து எறிந்து பிடிப்போம். யார் யாருக்கு எறிகிறார்கள் என்பதை வைத்தே எங்கள் ஊரில் கல்யாணப் பேச்சு தொடங்கும். சென்ற ஆண்டு நான் நைந்த இடைக்கச்சையோடு போய் நின்றேன். அவள் பந்து என் தலைக்கு மேலாகப் பறந்து பக்கத்தில் நின்றவனிடம் போயிற்று. இந்த முறையும் பந்து அப்படிப் போனால் அவளும் கூடவே போய்விடுவாள்.

அறுவடை முடிந்ததும் அம்மா எனக்குப் புதுக்கச்சை தைக்க உட்கார்ந்தாள். மறுவாரமே பன்றிக்குத் தீனி வைக்கப் போய் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பன்றிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்பாவின் தங்கை ப்ளியா அத்தை வந்தாள். கச்சைத் துணியை எட்டுச் சதுரமாக வெட்டினாள். "ஆளுக்கு ஒரு கட்டம் பூத்தையல். நம்ம நெங்கு இடுப்புல ஊரே உக்காரட்டும்" என்று என்னைக் காட்டிச் சொன்னாள்.

அன்று முதல் காலைதோறும் எங்கள் வாசல் வெயிலில் எட்டு முக்காலிகள். ஏழில் அத்தையும் அக்கம்பக்கத்துப் பெண்களும், ஒன்றில் நான்; ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது என் உத்தியோகம். கீழே பள்ளத்தில் மூடுபனி அசையாமல் கிடக்கும். ஊசி மேலே வரும்போது வெயில் அதன் முனையில் ஒரு நொடி உட்காரும், பிறகு துணிக்குள் இறங்கிவிடும். மாமியார்களைப் பற்றிய பேச்சு மெல்லத் தேய்ந்து முனகல் பாட்டாகும், பாட்டும் தேயும். பிறகு நூல் துணியைக் கடக்கும் சத்தம் மட்டும். அதைக் கேட்டுக்கொண்டே எத்தனையோ முறை விழித்தபடி தூங்கியிருக்கிறேன். கனவில் மலைச்சரிவு முழுக்கச் சிவப்பு நூலில் வரப்புகள். ஏழு பெண்கள் அவற்றின் மேல் ஊசியைக் கோலாக ஊன்றி நடந்துபோகிறார்கள்.

ஆண்டின் கடைசி நாள் மதியம் கட்டங்களைச் சேர்த்து வைத்தார்கள். ஓர் இடம் காலி. வெட்டியபடியே ஒரு வெறுந்துணி கூடைக்குள் கிடந்தது.

"எட்டாவது யாருகிட்ட இருந்துச்சு?"

"உங்கிட்டன்னு நெனச்சேன்டி."

"நான் உங்கிட்டன்னுல்ல நெனச்சேன்! தெனமும் எண்ணிப் பார்ப்பேனே, எட்டுத் தலை இருந்துச்சே?"

ஏழு பேரும் திரும்பி எட்டாவது தலையைப் பார்த்தார்கள்.

இருட்டிவிட்டால் ஊசியைப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். புத்தாண்டின் மூன்று நாளும் யாரும் தொடக்கூடாது. அவர்களுக்கோ கோழி அடிக்க வேண்டும், ஒட்டரிசிப் பலகாரம் இடிக்க வேண்டும்.

"எண்ணுனா எண்ணுனதுதான்" என்று ப்ளியா அத்தை ஊசியை என் கையில் திணித்தாள். "நத்தைச் சுருளே போடு. ஒத்த நத்தைன்னா ஒரு குடும்பம், நடுவுலேர்ந்து சுத்திச் சுத்தி வெளிய வா. ரெட்டை நத்தை கல்யாணத்துக்கு. அதுல கைய வச்சே, ஒடச்சுடுவேன்."

"ஆம்பளை தைச்சா ஊர் சிரிக்காதா அத்தை?"

"இப்ப மட்டும் உன்னப் பாத்து அழுவுதாக்கும்?"

நடுவிலிருந்து தொடங்கினேன். முதல் சுற்றில் விரலில் நான்கு முறை குத்தியது. சிவப்பு நூல் என்பதால் கணக்கில் வரவில்லை. இரண்டாம் சுற்றில் கை தானாகப் போயிற்று. மூன்றாவதில் இடிக்கிற உலக்கைச் சத்தமும் தையலும் ஒரே மூச்சாயின. நான் தைக்கவில்லை, ஒரு பாதை என் காலடியில் சுருண்டு விரிகிறது, போய்க்கொண்டே இருக்கிறேன் என்று தோன்றியது. காலேஜில் இரண்டு ஆண்டு உட்கார்ந்து கிடைக்காத மகிழ்ச்சி. திரும்ப மனமில்லாமல் போய்க்கொண்டே இருந்துவிட்டேன்.

அத்தை ஊசியைப் பிடுங்கியபோது சூரியன் இல்லை. என் நத்தை கட்டத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டி, வால் நூல் இரண்டு விரல் நீளத்துக்கு வெளியே தொங்கியது.

"போச்சு" என்றாள் அம்மா.

ஆனாலும் கட்டங்களை வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே கோத்துவிட்டார்கள். மறுநாள் அதையே கட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். பா ஹுவா என் இடுப்பை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பந்தை எறிந்தாள். என்னிடம்.

பிடித்தேன், எறிந்தேன். மூடுபனிக்குள் பந்து மறைந்து மறைந்து வந்தது.

"அந்த நத்தை எங்க போகுதாம்?"

"உங்க ஊருக்கு."

அவள் சிரித்தாள். நான் பந்தைத் தவறவிட்டேன். தவறவிட்டவன் உடுத்தியிருப்பதில் ஒன்றைக் கொடுக்க வேண்டும், பாட்டுப் பாடித்தான் திரும்பப் பெற வேண்டும். கச்சையைக் கேட்டாள். கொடுத்தேன். பாடினேன்.

"எங்க எருமை இதைவிட நல்லாப் பாடும்" என்று கச்சையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அந்த ஊரே என் நத்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் காலை பா ஹுவாவே வந்தாள். கச்சையை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் மேட்டில் ஏறிப் போய்விட்டாள். பிரித்துப் பார்த்தோம். என் தையலை அவள் அவிழ்க்கவில்லை. வெளியே தொங்கிய வால் நூலோடு தன் நூலை முடிந்து, எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் அதையே சுருட்டிச் சுருட்டி இன்னொரு நத்தை போட்டிருந்தாள். இரண்டும் ஒரே நூலில்.

அம்மா மாவுக்கட்டுக் கையால் அதை மெல்லத் தடவினாள். பிறகு எழுந்து போய், தன்னை வழுக்கி விழவைத்த பன்றியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கல்யாணத்துக்கு இது போதும்" என்றாள்.