ஜெர்மனியில் ஆடி மாதம்

கடலூர்த் தபால் ஆபீசில் முப்பத்து நான்கு வருடம் பார்சல் பிரிவில் இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் விதி விடவில்லை. கணினியை இயக்கும் லினக்ஸுக்குப் பொட்டலம் கட்டுகிறேன். உலகெங்கும் ஆட்கள் சம்பளமில்லாமல் மென்பொருள் எழுதுகிறார்கள். அவற்றைச் சரிபார்த்துக் கட்டி, ஒரே சிடியில் அடுக்கி, இலவசமாகக் கொடுக்க ஒரு பெருங்கூட்டம் உண்டு. அதில் என் பங்கு ஒரே ஒரு பொட்டலம். நான் ஒரு நாள் படுத்துக்கொண்டால் லினக்ஸே படுத்துவிடும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

பொட்டலத்தின் பெயர் 'ஓதம்'. கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று ஊர்வாரியாகச் சொல்லும். எழுதியவன் என் அக்கா மருமகன் அன்பரசு. சிதம்பரத்தில் கணக்கு விரிவுரையாளன். ஒரே குறை, கடலூருக்கு மட்டும் ஐம்பது நிமிடம் தள்ளிச் சொல்லும்.

2008 ஜூலையில் அமராவதி வீட்டுக்கே வந்துவிட்டாள். கடலோரக் குப்பத்தில் கணினி மையம் நடத்துபவள்.

"சார், ஒங்க ஓதத்த நம்பி எங்க வூட்டுக்காரரு போட்ட முகத்துவாரத்துல வுட்டாரு. தண்ணி வத்திப்போயி போட்டு மண்ணுல குந்திக்கிச்சு. இது ரெண்டாவது தடவ. இன்னொரு தடவன்னா பொளந்துக்கும்."

அவள் மையத்தில் எங்கள் சிடியில் வருவதைத் தவிர வேறெதையும் ஏற்ற முடியாது. நன்கொடை கொடுத்தவர்கள் அப்படிப் பூட்டியிருந்தார்கள். அடுத்த சிடிக்கு ஜூலை 27 கடைசி; அன்றோடு புதுச் சரக்குக்குக் கதவடைப்பு. தவறினால், அதற்கடுத்த சிடி வரும்வரை இரண்டு வருடம் அவள் கணவன் பக்கிரியின் படகு மணலில்தான். நானே திருத்தலாம்தான், அந்தக் கணக்கில் ஒரு வரியாவது எனக்குப் புரிந்தால்.

சிதம்பரம் பஸ் ஏறினேன். அன்பரசு 2.0 பதிப்பைத் தயாராக வைத்திருந்தான். தவறு திருத்தப்பட்டதோடு, திரை முழுக்க மீன்கள் நீந்தின. எட்டு மாதம் உட்கார்ந்து வரைந்திருக்கிறான். வங்கக் கடலிலேயே அத்தனை மீன் கிடையாது.

"அப்புறம் என்னப்பா, வெளிய வுடு."

"ஆடி மாமா. புதுசா எதயும் வுட மாட்டேன். 1.0வ ஆடியில வுட்டுத்தான் அம்பது நிமிஷம் தப்பாச்சு."

"தப்பாக் கணக்குப் போட்டது நீ. ஆடி என்னடா பண்ணும்?"

"கணக்கு எனக்குத் தப்புமா மாமா?"

கெஞ்சிப் பார்த்ததில் கொஞ்சம் இறங்கினான். "பதினெட்டாம் பெருக்கு நல்ல நாள். ஆகஸ்ட் ரெண்டு. அன்னைக்கு வுடுறேன்."

கதவடைப்புக்கு ஆறு நாள் பிந்தி! சிடியின் தேதிகளைக் கட்டிக் காப்பவர் ஜெர்மனியில் இருந்தார். ஒரு வாரம் பொறுக்கச் சொல்லி எழுதினேன். காவிரி, முளைப்பாரி, சித்ரான்னம் எல்லாம் விளக்கி நான்கு பக்கம். இரண்டே வரியில் பதில் வந்தது: தேதி மாறாது. அதற்கு அப்புறம் புதியது எதுவும் கிடையாது; பழையதில் உள்ள பழுதை மட்டும் பார்க்கலாம்.

படித்ததும் நாற்காலியிலிருந்து ஓர் அடி உயரம் எகிறினேன். அடடா, இவர் அனுசரிப்பதும் ஆடிதானே!

மறுநாளே சிதம்பரத்தில் நின்றேன். "அன்பரசு, ஆடியில ஓடு ஒழுகுனா மாத்துவியா, ஆவணி வரைக்கும் நனைவியா?"

"ஒழுகுனா மாத்திதான ஆவணும்."

"அப்ப இது புதுசு இல்ல, ரிப்பேரு. 2.0ன்னு சொல்லாத. 1.0.1ன்னு வுடு."

அவன் முகம் மலர்ந்து, உடனே வாடியது. "மீனு?"

"ரிப்பேர்ல மீன் வராது. ஜெர்மனிக்காரர் வுட மாட்டாரு."

எட்டு மாத மீன்களையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, ஒரே ஒரு வரியை மாற்றி, ராகு காலம் முடியும்வரை காத்திருந்து, 1.0.1ஐ வெளியிட்டான். இழவு வீட்டில்கூட நான் அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்ததில்லை. இருபத்தாறாம் தேதி பொட்டலம் கட்டி அனுப்பினேன்.

மாசியில் சிடி வந்தது. அமராவதி போன் செய்தாள்.

"நிமிஷம் தப்பல சார். போட்டு வழுக்கிக்கிட்டு உள்ள வந்துச்சு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்பரசு போனைப் பிடுங்கினான். "மீன் படம் போட்டு ஒண்ணு வச்சிருக்கேம்மா. அடுத்த சிடியில வந்துடும்."

"எதுக்கு சார்? மூணு கூடை மீன வச்சிக்கிட்டு ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன். தண்ணி எப்ப ஏறும்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். 2.0 இன்னமும் அவனிடம்தான் இருக்கிறது. அடுத்த கதவடைப்பு 2010 ஆகஸ்ட் ஆறு என்று அறிவித்தார்கள். காலண்டரைத் திருப்பினேன்: ஆடி இருபத்தொன்று. இந்தத் தடவை பதினெட்டாம் பெருக்கு மூன்று நாள் முந்தி!