சொல்லிக்கொள்ளாமல் போகிறவர்கள்

எழுபத்தெட்டில் நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்கள் சேர்ந்து ஒரு நோய் ஆய்வுக்கூடம் வைத்தார்கள். செத்த கோழியை அறுத்து, எதனால் செத்தது என்று கண்டுபிடிப்பது என் வேலை. நான் அறுத்த கோழிகளை வரிசையாகப் படுக்கவைத்தால் சேலம் ஜங்ஷனைத் தாண்டி ஏற்காடு மலையில் பாதி ஏறியிருக்கும்.

நான் சாரதாமணி, அம்மாபேட்டைத் தறிக்காரர் அர்த்தநாரியின் மகள். எங்கள் தெருவில் படித்த பெண் என்றால் டீச்சர், தப்பினால் நர்ஸ். நான் நுண்ணுயிரியல் படிக்கப் போகிறேன் என்றதும் தெருவில் அத்தனை தறியும் நின்றுவிட்டது. அந்த வாரம் சேலை விலை ஏறியதற்கு நான்தான் காரணம்.

நாமக்கல்லில் எனக்கு அறை வாடகைக்கு விட்ட பொன்னாயி, ஆளுக்குப் பார்க்கிற டாக்டரா, மாட்டுக்குப் பார்க்கிற டாக்டரா என்று விசாரித்தாள். இரண்டும் இல்லை, கிருமியைப் பார்க்கிறவள் என்றேன்.

"கிருமிக்குமா ஒடம்பு சரியில்லாமப் போகுது சாமி?" என்றாள்.

செத்த கோழியை அறுக்கிறவள் என்று தெரிந்த பிறகு, என் கையால் ஒரு டம்ளர் மோர்கூட அவள் வாங்கவில்லை.

அதைத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறு. சாவு வீட்டிலிருந்து யாரும் "போயிட்டு வாரேன்" என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை அல்லவா? செத்த கோழியோடு வந்த பண்ணைக்காரர்கள் என் ஆய்வுக்கூடத்திலும் அதே முறையைக் கடைப்பிடித்தார்கள். பேசிக்கொண்டே இருப்பார்கள், திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்காது. நான் வலியப் போய் "போயிட்டு வாங்க" என்று ஒருவரிடம் சொன்னேன். அவர் ஓடிய ஓட்டத்தில் செருப்பு மட்டும் இன்னும் அங்கேயே கிடக்கிறது. மாலையில் கதவைச் சாத்தியபின் மைக்ராஸ்கோப்பிடம் பேசுவேன். கிருமிகள் குறுக்கே பேசாது, பதிலும் சொல்லாது.

மூன்றாம் வருஷம் அப்பா வந்தார். அம்மாபேட்டைப் பள்ளியில் டீச்சர் வேலைக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும், வெள்ளிக்கிழமை கூட்டிப்போக வருவதாகவும் சொன்னார். அவர் பஸ் ஏறியதும் பெட்டியில் துணியை அடுக்கினேன்.

வியாழக்கிழமை, நாமகிரிப்பேட்டைப் பக்கத்துச் செல்லாயி வெறுங்கையோடு வந்தாள். முந்தின மாதம் ஒரு கூடை நிறையச் செத்த கோழி கொண்டுவந்தவள். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்குதான் காரணம், அதை நிறுத்து என்று அனுப்பியிருந்தேன்.

"கோழி எங்கே?" என்றேன்.

"சாவறது நின்னு போச்சுங்க. அதைச் சொல்லலாம்னுதான் வந்தனுங்க."

சாகாத கோழிக்காக ஆய்வுக்கூடத்துக்கு வந்த ஆள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான். டீ போட்டுக் கொடுத்தேன். என் கையிலிருந்து வாங்கிக் குடித்தாள். பொடுசுகளின் சேட்டை, மாமியாரின் முழங்கால் வலி என்று எல்லாம் பேசினாள். பிறகு எழுந்து வாசல்வரை போனவள் நின்றாள்.

"சொல்லிக்காமப் போறதுக்குச் சங்கடமா இருக்குதுங்க. வாரேன்னு சொன்னா மறுக்காக் கோழி செத்துருமோன்னும் பயமா இருக்குது."

அவள் குடித்த டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டேன். எதையாவது சொன்னால் அழுதுவிடுவேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

"கோழி வராதுங்க. நான் மட்டும் வாரேன்."

அவள் போனபிறகு டம்ளரைக் கழுவ மனசில்லாமல் வைத்திருந்தேன்.

மறுநாள் அப்பா முதல் பஸ்ஸில் வந்து, பெட்டியைத் தூக்கப்போனார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒருத்தி வாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காப்பா. வந்து பாக்கறப்ப நான் இல்லாட்டி எப்படி?"