பிரேக் பிடிக்க ஒரு காரணம்

அந்தப் பழைய ரயில்பாதையை இறக்கத்தில் போட்டவர்களை ரோஸ்விதா மனதார வெறுத்தாள். நீராவி வண்டி ஓடிய காலத்தில் அது யாரையும் உறுத்தியிருக்காது. நிலையம் வந்தால் ரயில் நின்றாக வேண்டும். தண்டவாளத்தைப் பிடுங்கி, தார் போட்டு, சைக்கிள் பாதையாக்கிய பிறகு வந்த கூட்டத்துக்கு அப்படி ஒரு கட்டாயமும் கிடையாது. ஜெர்மனியின் ஐஃபெல் மேட்டின் உச்சியில் ஏறி உட்கார்ந்தால் மோசல் ஆற்றங்கரை வரைக்கும் காலை அசைக்காமலே போய்ச் சேரலாம். பாதிவழியில் இருக்கும் ட்ரோசன்பாக் கிராமம் அவர்கள் காதோரம் விர்ரென்று போய்விடும்.

மேட்டுக்கு எப்படிப் போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதற்கு பஸ் இருக்கிறது. பின்னால் சைக்கிள் ஏற்றும் டிரெய்லரை மாட்டிக்கொண்டு அந்த பஸ்ஸை ஓட்டுகிறவன் ரோஸ்விதாவின் கணவன் கெர்னோட். காலையில் கணவன் மேலே கொண்டுபோய் விடும் கூட்டம், மதியம் மனைவியின் வாசலைத் தாண்டிப் பறக்கும். வீட்டுக்குப் போய், ஐஃபெல் முழுவதையும் சைக்கிளிலேயே சுற்றிவிட்டு வந்தோம் என்று அக்கம்பக்கத்தில் அளக்கும். இதில் முக்கால்வாசிப் பேருடைய வண்டியில் மோட்டார் வேறு. இறக்கத்தில் போக மோட்டார் எதற்கு என்று கெர்னோட் ஒருமுறை கேட்டதற்கு, எதிர்க்காற்று அடித்தால் என்ன செய்வது என்று பதில் வந்ததாம்.

அப்பா விட்டுப்போன நிலத்தை விற்று ட்ரோசன்பாக்கின் பாழடைந்த ரயில் நிலையத்தை வாங்கி, காபிக் கடை போட்டவள் ரோஸ்விதா. சைக்கிள்காரர்கள் வருவார்கள், பசியோடு வருவார்கள், ஜெர்மானியனுக்கு மதியம் கேக் இல்லாமல் உயிர் தரிக்காது என்பது அவள் போட்ட கணக்கு. மூன்றும் உண்மைதான். அவர்கள் நிற்க மாட்டார்கள் என்பது மட்டும் விட்டுப்போயிற்று. வளைவுக்கு முன்னாலேயே பலகை வைத்தாள். பெஞ்சு போட்டாள். காற்று வீசும் பக்கமாக அடுப்பின் புகைபோக்கியைத் திருப்பிவைத்தாள். மரத்தில் ஒரு பெரிய பசுமாட்டைச் செய்யச் சொல்லி ஓரமாக நிறுத்தினாள். ஓடுகிற ஓட்டத்தில் மாட்டைப் படம் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தராவது பிரேக்கைத் தொட வேண்டுமே, ஊஹும்.

இந்தக் கோடையும் இப்படியே போனால் கடையை மூடிவிட்டு, மேட்டு நகரத்துச் சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி விற்கும் இடத்தில் நிற்க வேண்டியதுதான். உறைந்த மாவை அடுப்பில் தள்ளிச் சூடாக்கி, வீட்டுப் பக்குவம் என்று எழுதி விற்கிற இடம் அது. அங்கே அவளுக்காக இலையுதிர்காலம் வரை ஒரு வேலையைப் பிடித்துவைத்திருந்தார்கள்.

"ஏறி வர்றவன் மூச்சு வாங்க நிப்பான். இறங்குறவன் எதுக்கு நிக்கணும்?" என்றான் கெர்னோட். "நீ தங்கத்துல கேக் செஞ்சு வெச்சாலும் சரி."

"அப்ப நீ அவங்களை மேல கொண்டுபோய் விடாதே."

"விடலேன்னா அவங்க இந்தப் பக்கமே வர மாட்டாங்க, ரோஸ்விதா."

மே மாதத்தில்தான் அந்த அதிசயம் நடந்தது. நடத்திவைத்தவன் ஊர்த்தலைவன் ஃபோல்க்மார். சம்பளமில்லாத அந்தப் பதவியோடு பசுக்களும் வைத்திருப்பவன். அவன் டிராக்டர் போகிற மண்பாதை, ரயில் நிலையத்துக்கு எதிரே சைக்கிள் பாதையை வெட்டிக்கொண்டு போகும். காற்றாய் வந்த ஒரு சைக்கிள் கும்பல் சாண வண்டியில் மோதப் பார்த்ததும், ஃபோல்க்மார் பாதையின் குறுக்கே இரண்டு இரும்புத் தடுப்புகளை நட்டுவிட்டான். ஒன்று இடப்பக்கம், இரண்டு எட்டு தள்ளி இன்னொன்று வலப்பக்கம். இறங்கி, வண்டியை உருட்டி, வளைத்து, நெளிந்துதான் போக முடியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதலில் வந்து சிக்கியவர் டாக்டர் டில்மன்ஸ். கொலோன் நகரத்துப் பள்ளியில் லத்தீன் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மஞ்சள் ஹெல்மெட், மஞ்சள் சட்டை, வண்டியின் இரண்டு பக்கமும் உப்பிய மஞ்சள் பைகள். முதல் தடுப்பைத் தாண்டியவர் இரண்டாவதில் வளைக்கும்போது பைகள் மாட்டிக்கொண்டு முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் நின்றார். பின்னால் வரிசை சேர்ந்தது. வண்டியை அப்படியே தடுப்புகளுக்கு நடுவில் சாத்திவிட்டு, இதற்குப் பொறுப்பானவர் யார் என்று தேடினார். கண்ணுக்கெட்டிய தூரத்தில் திறந்திருந்த கதவு ஒன்றே ஒன்றுதான். அது ரோஸ்விதாவுடையது.

தனக்கும் தடுப்புக்கும் சம்பந்தமில்லை என்றாள் ரோஸ்விதா. சம்பந்தப்பட்டவன் தினமும் மாலை நாலு மணிக்குக் காபி குடிக்க இங்கேதான் வருவான் என்றும் சொன்னாள். டில்மன்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு. ஒரு நல்ல ஜெர்மானியனுக்கு அழகான இயற்கைக்காட்சிக்காக இரண்டு நிமிடம் நிற்க மனம் வராது. ஒரு புகார் சொல்ல வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம் உட்காருவான், அதுவும் சந்தோஷமாக உட்காருவான். டில்மன்ஸ் உட்கார்ந்தார். சும்மா எப்படி உட்காருவது என்று ஒரு காபியும், புளிப்புத் தண்டான ருபார்ப் போட்ட கேக்கும் கேட்டார். வரிசையில் நின்றவர்களும் ஒவ்வொருவராக உள்ளே வந்து, தங்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது என்றார்கள். நாலு மணிக்கு ஃபோல்க்மார் உள்ளே நுழைந்தபோது நாற்காலி இல்லாமல் ஜன்னல் விளிம்பிலெல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவனை வறுத்தெடுத்தார்கள். கேக் தட்டில் துகள்கூட மிஞ்சவில்லை.

அடுத்த ஞாயிறும் டில்மன்ஸ் வந்தார். இந்தமுறை அளவுநாடாவோடு. விதிப்படி இருக்க வேண்டிய அகலத்தில் ஒரு சாண் குறைகிறது என்று கண்டுபிடித்து, முகமெல்லாம் பூரித்துப்போய் உள்ளே வந்து இரண்டு துண்டு கேக் வாங்கினார். நாலு பேர் ஒன்றாகக் கோபப்பட்டால் இந்த நாட்டில் அது சங்கமாகிவிடும். தடையற்ற பாதைக்கான சங்கம் ரோஸ்விதாவின் கடையில் உதயமாயிற்று. தலைவர் டில்மன்ஸ். துணைத்தலைவர், பொருளாளர், கூட்டக் குறிப்பு எழுத ஒருவர், அவருக்கு உடம்பு சரியில்லாவிட்டால் எழுத இன்னொருவர். ஞாயிறுதோறும் பஸ்ஸில் மேலே ஏறி, இறங்கி வந்து, தடுப்பில் முட்டி, ஆத்திரப்பட்டு, கேக் தின்றார்கள். ஆத்திரப்படுவதற்கென்றே ட்ரியரிலிருந்தும் பான் நகரத்திலிருந்தும் புதிதாக ஆட்கள் வந்தார்கள்.

ஃபோல்க்மாரின் நிலைமைதான் பரிதாபம். திட்டு வாங்கித் திட்டு வாங்கி மனுஷன் வாடிப்போனான். பிடுங்கிப் போட்டுவிடுகிறேன் என்று இரண்டு தடவை கிளம்பியவனை ரோஸ்விதாதான் சமையலறைக்குள் இழுத்துப்போய்ச் சமாதானம் பண்ணினாள். வந்து உட்கார்ந்து வாங்கிக்கட்டிக்கொள், உனக்குக் கேக் இலவசம் என்றாள். சங்கத்தின் கோபம் கொஞ்சம் ஆறுகிற மாதிரி தெரிந்தால், காபி ஊற்றிக்கொண்டே, தடுப்புக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கப்போகிறார்களாமே என்று ஒரு வார்த்தை போட்டுவைப்பாள். அன்றைக்குக் கூட்டம் விளக்கு வைக்கிற நேரம் வரை கலையாது.

ஜூலை கடந்தது, ஆகஸ்ட் கடந்தது. செர்ரி கேக், பாலாடைக் கேக், சீமை நெல்லிப்பழக் கேக் என்று அவள் அடுப்பு அணையவே இல்லை. ரோஸ்விதாவுக்கு மெல்ல மெல்ல ஒரு நம்பிக்கை வேர்விட்டது. தடுப்பு ஒரு சாக்கு. இத்தனை பேரும் வருவது தன் கைமணத்துக்காகத்தான். துணைத்தலைவரின் மனைவி செய்முறை கேட்டாளே. டில்மன்ஸ் தட்டில் ஒட்டியிருந்த துகளைக்கூட முள்கரண்டியால் ஒற்றி எடுத்துத் தின்றாரே. ஒரு மாலை இதையெல்லாம் கெர்னோட்டிடம் சொன்னாள்.

"அவங்க கேக் சாப்பிட வர்றாங்கன்னா நினைக்கிறே?" என்றான் அவன்.

"பின்னே? கம்பியைக் கடிச்சுத் திங்கவா வர்றாங்க?"

"பஸ்ஸுல பேசுறதைக் கேட்டுக்கிட்டுதானே ஓட்டுறேன். ஒருநாள்கூட உன் கேக் பேச்சு வந்ததில்ல. கம்பி, கம்பி, கம்பி."

அவனுக்கு நாக்கில் ருசியே கிடையாது என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

செப்டம்பரில் சங்கம் ஜெயித்தது. மாவட்ட அலுவலகம் அவர்கள் தொல்லை தாங்காமல் தடுப்பை அகற்றும்படி உத்தரவு போட்டுவிட்டது. சேதி வந்த அன்று கடையில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ரோஸ்விதாவையும் டில்மன்ஸ் கட்டிப்பிடித்தார். இந்தப் போராட்டம் இவர் அடுப்பில்தான் வெந்தது என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். வெற்றி விழா இங்கேதான், கேக் முழுக்க உங்கள் கையால்தான், சங்கத்தில் ஒருத்தர் விடாமல் வருவார்கள் என்றார். அவளுக்குக் கண் கலங்கியது. தடுப்பு போனால் என்ன, இவர்கள் வருவார்கள் என்று நினைத்தாள். சூப்பர் மார்க்கெட்டுக்கு போன் போட்டு, அந்த வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

விழாவுக்கு டில்மன்ஸ் ஒரு நிகழ்ச்சி நிரல் தயாரித்திருந்தார். முதலில் தலைவர் உரை. அடுத்து, தடுப்பை அறுத்தல். அடுத்து, தடையற்ற பாதையில் சங்கத்தாரின் முதல் பயணம். கடைசியாகக் காபியும் பிளம்ஸ் பழக் கேக்கும். கேக்கை முதலில் வைத்துக்கொண்டால் சூடாக இருக்குமே என்று ரோஸ்விதா சொல்லிப் பார்த்தாள். ஜெயித்ததை ஓட்டிப் பார்க்காமல் எப்படிக் கொண்டாடுவது, நடைமேடை முடிகிற இடம் வரை போய்விட்டுத் திரும்பிவிடப்போகிறோம் என்றார் டில்மன்ஸ்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் பளிச்சென்று அடித்தது. நடைமேடையில் நீளமாக மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தாள். அடித்துவைத்த பாலேடு கிண்ணம் கிண்ணமாக இருந்தது. டில்மன்ஸ் லத்தீனிலும் கொஞ்சம் பேசினார். ஃபோல்க்மார் தன் கையாலேயே இரும்பை அறுத்தான். கோடை முழுக்க அவன் முகத்தில் காணாத சிரிப்பு அன்றைக்கு இருந்தது. டில்மன்ஸ் வண்டியில் ஏறி, கையை உயர்த்தி, கிளம்பினார். சங்கம் மொத்தமும் மணியடித்துக்கொண்டு பின்னால் கிளம்பியது.

நடைமேடை முடிகிற இடத்தில் அவர்கள் திரும்பவில்லை. தலைவர் பிரேக் பிடிக்காமல் நாம் பிடிப்பதா என்று பின்னால் போனவர்கள் நினைத்தார்கள். பின்னால் இத்தனை பேர் வரும்போது முன்னால் போகிறவன் பிரேக் பிடிப்பதா என்று தலைவர் நினைத்தார். காற்று முகத்தில் அடித்தது, பாதை வழுக்கிக்கொண்டு போயிற்று, கோடை முழுக்கப் பறக்க முடியாமல் கிடந்தவர்கள் பறந்தார்கள். மஞ்சள் சட்டை வளைவில் திரும்பி மறைந்தது. கடைசி ஆளும் மறைந்தார். மணிச்சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

ரோஸ்விதா காபியை ஊற்றத் தயாராகக் கையில் பிடித்தபடி நின்றாள். இதோ வந்துவிடுவார்கள் என்றாள். அதையே இன்னொரு தடவையும் சொன்னாள். ஃபோல்க்மார் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாலேடு இளகிச் சரியத் தொடங்கிய பிறகுதான் கடை போன் அடித்தது. டில்மன்ஸ்.

"அருமையான பயணம் அம்மா. என்னன்னு சொல்றது. மோசல் கரைக்கே வந்துட்டோம். இங்க ஆத்தோரமா ஒரு விடுதியில உக்காந்திருக்கோம்."

"இங்க எல்லாம் தயாரா இருக்கே, டாக்டர். எப்ப வர்றீங்க?"

"அதுதான் யோசனை. திரும்ப வரணும்னா ஏத்தமா இல்ல இருக்கு?"

"எல்லார் வண்டியிலயும் மோட்டார் இருக்கே."

"இருக்கு, இருக்கு. அது ஒரு பாதுகாப்புக்குத்தானே வெச்சிருக்கோம்." கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் என்ன சொல்ல வர்றேன்னா, கேக்கை நீங்க இங்க கொண்டு வந்துடுங்களேன். உங்களுக்கு இறக்கம்தானே."

அவருக்குப் பின்னால் கண்ணாடிக் குவளைகள் மோதும் சத்தமும் சிரிப்பும் கேட்டன. துணைத்தலைவரின் மனைவி குரலை ரோஸ்விதா அடையாளம் கண்டுகொண்டாள். அங்கேயும் ஏதோ கேக் வந்திருந்தது போல. நன்றாக இருக்கிறது என்று அவள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கேக் இங்கதான் இருக்கும், டாக்டர்," என்றாள் ரோஸ்விதா. "வேணுங்கிறவங்க ஏறி வரட்டும்."

போனை வைத்தாள். அவளுக்கு வலித்தது. கடை போவதைவிட, இத்தனை மாதம் அந்தச் சப்புக்கொட்டலை நம்பியது வலித்தது.

ஃபோல்க்மார் மெதுவாக வந்து பக்கத்தில் நின்றான். அறுத்த கம்பி அங்கேயேதான் கிடக்கிறது, ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டவைத்துவிடலாம், யார் கேட்பார்கள் என்றான். பழையபடி ஞாயிறுதோறும் திட்டு வாங்கிக்கொள்ளவும் சம்மதம் என்றான். நல்லவன். சொல்லும்போதே அவன் முகம் சுருங்கிப்போயிருந்தது.

"வேணாம், ஃபோல்க்மார். நாளைக்கு இன்னொரு ஊர்ல, கம்பி இல்லேன்னா வேற ஏதாவது ஒண்ணு அவங்களுக்குக் கெடைக்கும். அங்க போய்க் கோபப்படட்டும்."

கெர்னோட் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அந்தக் கடையில் வாடிக்கையாளர் நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே கிடையாது. உட்கார்ந்தாள். அவன் பிளம்ஸ் கேக்கில் ஒரு துண்டு வெட்டி அவள் முன்னால் வைத்துவிட்டு, தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு தின்றான். வாய் நிறைய வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"ஏறியே வரலாம்," என்றான் கெர்னோட்.

அவள் அப்போதுதான் அழுதாள்.