தப்சபெய்யின் நெஞ்சில் ஓர் இரவல் மாடு

கூடை நிறையக் கொழுந்தோடு மேட்டில் ஏறும்போது தப்சபெய்யின் மூச்சு அவளுக்கு இருபது அடி பின்னால் வரும். கெரிச்சோ சரிவில் ஏழாம் நம்பர் மலையில் வேலை பார்த்த எல்லோரும் அதைக் கேட்டிருக்கிறார்கள். அவள் முதலில் நிறுவைக் கொட்டகைக்கு வந்து கூடையை இறக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வாய் திறந்திருக்கும், உள்ளே ஒன்றும் போகாது. கொஞ்ச நேரம் கழித்துத் தேயிலை வரிசைக்குள்ளிருந்து ஒரு மூச்சு இழுத்து இழுத்துத் தனியாக ஏறி வரும். பின்னால் வரும் பெண்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். அது வந்து சேர்ந்ததும் அதை உள்ளே வாங்கிக்கொண்டு, கணக்கு எழுதுகிறவனிடம் தன் நம்பரைச் சொல்வாள். அப்போது அவளுக்கு இருபத்து நாலு வயது. சாயங்காலத்தில் கால் வீங்கி, விரலால் அமுக்கினால் விழும் குழி மறுநாள் காலைவரை மூடாது. ஒரு மழைநாளில் அந்தக் குழியில் தேங்கிய தண்ணீரை ஒரு குருவி வந்து குடித்துவிட்டுப் போயிற்று.

கங்காணி கிருய் சட்டம் பேசுகிற ஆள். "உன் மூச்சு வேலை நேரத்துல தனியா ஊர் சுத்துது. அதுக்கு யாரு சம்பளம் குடுக்கிறது?" என்று கேட்டான்.

"அதுவும் கூடையத்தான் தள்ளிட்டு வருது. அதுக்கும் அரைப் பேர் கூலி போடுங்க" என்றாள் தப்சபெய்.

அவன் போடவில்லை.

அவள் புருஷன் கிமேலி பால் கேன்களை மோட்டார் சைக்கிளில் கட்டிக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொண்டுபோகிறவன். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்கி, இரண்டும் ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போயின. இரண்டாவது போனபோது அவளும் போயிருக்க வேண்டியவள். மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இதயம் வெட்டித் தைக்கிற டாக்டர் கெருபோ பக்கத்துக் கிசி இனத்துக்காரி, கட்டையான பெண், நின்றுகொண்டே சாப்பிடுகிறவள். படம் எடுத்துப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: சின்ன வயதில் தொண்டை வலி வந்து, பிறகு முட்டி வீங்கிப் படுத்தாயா? பத்து வயதில் படுத்தேன் என்றாள் தப்சபெய். அந்தக் காய்ச்சல் முட்டியை விட்டுப் போகும்போது இதயத்தின் இடப்பக்க வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. இரண்டு அறைக்கு நடுவில் ஒரு கதவு. அது இப்போது ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் திறக்கிறது. ரத்தம் நுரையீரலில் தேங்குகிறது. அதனால்தான் மூச்சு பின்தங்குகிறது என்றாள் டாக்டர். மூச்சு இருபது அடி பின்னால் வருவதைப் பற்றி அவள் வியப்பு ஒன்றும் காட்டவில்லை. போன மாதம் வந்த மீன்காரன் ஒருவனுக்கு அது நாற்பது அடி பின்னால் வந்ததாம்.

மாற்றுக்கதவு இரண்டு வகை இருந்தது. இரும்புக் கதவு போட்டால் ஆயுசுக்கும் வரும்; ஆனால் ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை, பிள்ளை பெறுவது ஆபத்து. மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் சவ்வில் தைத்த கதவு போட்டால் அந்த மாத்திரை இல்லாமல் இருக்கலாம், பிள்ளை பெறலாம். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அது தேய்ந்து, நெஞ்சை இன்னொரு தரம் திறக்க வேண்டும். தப்சபெய் யோசிக்கவே இல்லை.

"மாடே வைங்க டாக்டரம்மா. எனக்கு ஒரு பிள்ளை வேணும். அப்புறம் எத்தனை தரம் வேணும்னாலும் வெட்டிக்கோங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"எங்க கிப்சிகிஸ் இனத்துல மாட்ட வேணாம்னு சொன்னவளப் பார்த்திருக்கீங்களா?"

கெருபோ சிரித்தாள். "எங்க தாத்தா காலத்துல உங்காளுங்க ராத்திரியில வந்து எங்க மாட்டக் கேக்காமலே ஓட்டிட்டுப் போவாங்க. கேட்டு வாங்குற மொத ஆளு நீதாம்மா."

அறுவை ஐந்து மணி நேரம் நடந்தது. அதில் எண்பது நிமிடம் அவளுடைய இதயம் நின்றிருந்தது, ஒரு இயந்திரம் அதன் வேலையைப் பார்த்தது. அந்த எண்பது நிமிடமும் அவளுடைய மூச்சு வெளியே பெஞ்சில் கிமேலியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. தரை துடைக்க வந்தவள் இருவரையும் காலைத் தூக்கச் சொன்னாள். கிமேலி தூக்கினான். மூச்சுக்குக் கால் இல்லாததால் அவள் சுற்றித் துடைத்துவிட்டுப் போனாள். கதவு திறந்தபோது அது எழுந்து உள்ளே போயிற்று. அன்றிலிருந்து அவளைவிட்டுப் பின்தங்கவில்லை.

வீட்டுக்கு வந்த நாலாம் வாரம், கறவை நேரத்தில், அவளுடைய நெஞ்சுக்குள்ளிருந்து தாழ்வாக ஒரு மாடு கத்தியது. பக்கத்து வீட்டுப் பசு பதில் கத்தியது. அவ்வளவுதான், அதைப் பற்றி அன்று யாரும் பெரிதாகப் பேசவில்லை. பிறகு, உதைக்கிற பசு, பால் இறக்காத பசு, கன்று செத்த பசு எல்லாம் அவள் பக்கத்தில் வந்து நின்றால் மடி தளர்ந்து பால் விட்டன. காலையில் கொழுந்துக்குப் போவதற்கு முன் மூன்று தொழுவத்தில் சும்மா நின்றுவிட்டு வருவது அவளுக்கு வேலையாயிற்று. அந்த வருஷம் சங்கத்துக்குப் போன பால் நாளுக்கு அறுபது லிட்டர் கூடியது. லிட்டருக்கு முப்பத்தெட்டு ஷில்லிங்.

அடுத்த நீண்ட மழைக்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, திமில் வைத்த முப்பத்தொரு மாடுகள் மாரா சமவெளியிலிருந்து மூன்று நாள் நடந்து வந்து கிமேலியின் மக்காச்சோளத்துக்குள் நின்றன. மேயவில்லை. வீட்டைப் பார்த்தபடி நின்றன. ஒரு நாள் கழித்து அவற்றின் சொந்தக்காரன் பர்சலோய் வந்தான். மசாய் இனத்தவன், ஐம்பது வயதிருக்கும், சிவப்புப் போர்வை, டயர்ச் செருப்பு, கையில் ஒரு கம்பு. மாடுகளை எண்ணிப் பார்த்தான். பிறகு தப்சபெய்யின் முன்னால் வந்து, தலையைச் சாய்த்து, அவளுடைய நெஞ்சிலிருந்து வந்த சத்தத்தை நிதானமாகக் கேட்டான்.

"முப்பத்திரண்டு" என்றான்.

கிமேலிக்குப் புரிய நேரம் பிடித்தது. பர்சலோய் கோபமில்லாமல் விளக்கினான். உலகத்தில் உள்ள மாட்டையெல்லாம் கடவுள் ஒரு தோல்கயிற்றில் இறக்கி மசாய்களுக்குத்தான் கொடுத்தார். மற்றவர்களிடம் இருப்பதெல்லாம் மேயப் போய் வழி தவறியவை. "இது எங்கிருந்து வந்துச்சுன்னு என் மாடுகளுக்குத் தெரியுது. அதான் தேடி வந்திருக்கு. நான் சண்டைக்கு வரல தம்பி. என் மாட்டக் குடுத்துட்டா நான் பாட்டுக்குப் போயிருவேன்."

"அண்ணே, அது இவ நெஞ்சுக்குள்ள இருக்கு. தைச்சு வச்சிருக்கு."

"பார்த்தேன். அதனாலதான் உக்காந்து பேசலாங்கிறேன்."

அக்கம்பக்கத்து வழக்கைத் தீர்க்கும் கொக்வெத் சபை அத்திமரத்தடியில் கூடியது. தலைவர் அராப் மோசோனிக்கைப் பார்த்ததும் பர்சலோய்க்கு முகம் மாறிவிட்டது. "நீங்களா? எங்கப்பாகிட்ட இருந்து நாலு மாட்ட ஓட்டிட்டுப் போனவரு நீங்கதானே?"

"அது வேற வழக்கு" என்றார் மோசோனிக்.

நாள் முழுக்கப் பேசினார்கள். கடைசியில் மோசோனிக் எங்கள் பக்கத்துப் பழைய வழக்கத்தைச் சொன்னார். கொள்ளை வந்தாலும் நோய் வந்தாலும் மொத்தமாகப் போய்விடாமலிருக்க, நாங்கள் மாட்டைச் சிநேகிதர் வீடுகளில் பிரித்து விட்டுவைப்போம். வைத்திருப்பவனுக்குப் பாலும் சாணமும். ஈனுகிற கன்று மாட்டைக் கொடுத்தவனுக்கு. மாடு செத்தால் தோலைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இந்த மாட்டை வெளியே எடுத்தால் வைத்திருப்பவள் செத்துப்போவாள். அதனால் இதை இரவல் மாடாக வைத்துக்கொள்ளட்டும். சாணம் என்றதும் பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு எழுந்து அடங்க வெகுநேரமாயிற்று. பர்சலோய் ஒப்புக்கொண்டான். முர்சிக் சுரைக்குடுவை வந்தது. கரி மணக்கும் புளித்த பாலை எல்லோரும் குடித்தார்கள். அவனுடைய மாடுகள் கிளம்ப மறுத்ததால் தப்சபெய் ஆற்றங்கரைவரை நடந்து போய் அவற்றை அனுப்பி வைத்தாள். மேட்டில் திரும்பி ஏறும்போது அவள் ஒருதரம்கூட நிற்கவில்லை.

ஏழு மாதம் கழித்து அவளுக்கு வயிறு தெரிந்தது. ஐந்தாம் மாதம் தாண்டியது. ஊர் முழுக்கச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போது, கொழுந்து நிறுக்கும் இடத்தில் யாரோ ஒருத்தி சும்மா கேட்டாள்: "கன்னு, மாட்டக் கொடுத்தவனுக்குன்னுதானே தீர்ப்பு?"

தராசில் இருந்த கூடையை இறக்கக்கூட அதற்குப் பிறகு யாருக்கும் தோன்றவில்லை.

கிமேலி அன்றே மோசோனிக்கிடம் ஓடினான். தீர்ப்பை மாற்றினால் இனி எவனும் எவன் வீட்டிலும் மாடு விடமாட்டான் என்றார் அவர். ஆனாலும் அன்று முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தப்சபெய் தினமும் கொழுந்து பறித்தாள். ராத்திரியில் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, உள்ளே கத்துகிற மாட்டிடம், "நீ கதவு. கதவா மட்டும் இரு" என்று சொல்வாள். ஆஸ்பத்திரியிலேயே, கெருபோ பக்கத்தில் நிற்க, மாடு வீடு திரும்புகிற நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அந்த நேரத்தை வைத்தே செரோட்டிச் என்று பெயரிட்டார்கள். பெண் என்றதும் கிமேலி கணக்குப் போட்டுப் பார்த்தான். காளைக்கன்றாக இருந்தாலாவது பர்சலோய் விட்டுவிடுவான். கிடாரியை எவன் விடுவான்?

எட்டாம் நாள் பர்சலோய் வந்தான். மாடு எதுவும் இல்லை, தனியாக. கிமேலி வாசலில் நீளமான வெட்டுக்கத்தியோடு நின்றான். மோசோனிக் வந்து நடுவில் நின்றார். கொக்வெத் ஆட்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். தப்சபெய் குழந்தையோடு வெளியே வந்தாள்.

"உங்க மாடு என் கதவுல நின்னுச்சு, இல்லேங்கல" என்றாள். "ஆனா பெத்தது நான். பத்து மணி நேரம் கத்துனதும் நான்தான். அது ஒரு சத்தம் போடல, டாக்டரம்மாவக் கேட்டுப் பாருங்க."

"தீர்ப்பு தீர்ப்புதானே" என்றான் பர்சலோய். "குடு, பார்க்கிறேன்."

அவள் கொடுக்கவில்லை. அவன் கம்பைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே நின்றான். அவன் கைக்கு அடியில் தன் கையை வைத்துக்கொண்டு, விரல் விடாமல், அவள் மெதுவாகக் குழந்தையைக் கொடுத்தாள். சந்தையில் மாடு பார்க்கிறவன் பார்ப்பதுபோல அவன் பார்த்தான். உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தான். காலை மடக்கி நீட்டினான். காதுக்குப் பின்னால் ஊதினான்.

"பல்லே இல்லையே."

அவன் குழந்தையைத் தூக்கி எடை பார்த்தான்.

"பொறந்து எத்தனை நாளாச்சு?"

"எட்டு" என்றார் மோசோனிக்.

"எட்டு நாளாச்சு, இன்னும் எந்திரிச்சு நிக்கல. கழுத்து நிக்கல. என் கன்னெல்லாம் விழுந்த ஒரு மணி நேரத்துல மடியத் தேடி ஓடும்." செரோட்டிச் அவனுடைய போர்வையில் மூத்திரம் போனாள். அதை முகர்ந்து பார்த்தான். "ஒண்ணுக்கும் ஆகாத கன்னு. இத மாரா வரைக்கும் யாரு ஓட்டிட்டுப் போறது? வழியிலேயே உக்காந்துக்கும்."

அவனுக்கு வீட்டில் ஆறு பெண் பிள்ளைகள். அது அன்று எங்களுக்குத் தெரியாது.

"எனக்கு இது வேணாம்" என்றான். "பதிலுக்கு நல்ல கிடாரியா ஒண்ணு குடுங்க. செவப்பா இருக்கணும், வயிறு வெள்ளையா இருக்கணும். இப்பவே கேக்கல. பொறக்கும்போது குடுங்க." குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போர்வையைப் பிழிந்தான். கிமேலி கத்தியைக் கீழே வைக்க மறந்து, அதைப் பிடித்துக்கொண்டே அவனுக்குத் தேநீர் ஊற்றினான்.

அதன் பிறகு கிமேலியின் தொழுவத்தில் காளைக்கன்றுகள் மட்டுமே பிறந்தன. நாலு வருஷம் பார்த்துவிட்டு அவன் சந்தையில் ஒரு சிவப்புக் கிடாரியை வாங்கினான்; ஆற்றைக் கடந்து முடிப்பதற்குள் அது காளையாகிவிட்டது. விற்றவன், தான் கொடுக்கும்போது கிடாரிதான், ஆற்றுக்குத் தான் பொறுப்பில்லை என்றான். அது நியாயம்தான். பர்சலோய் ஒவ்வொரு வறட்சிக்கும் மாடுகளோடு வந்து இரண்டு வாரம் தங்குவான், தொழுவத்தை எட்டிப் பார்ப்பான், ஒன்றும் கேட்கமாட்டான். செரோட்டிச் பதினொன்றாம் மாதம் எழுந்து நின்றபோது, "லேட்டு" என்றான்.

அறுவைக்குப் பின் பதின்மூன்றாம் வருஷம் தப்சபெய்யின் மூச்சு மறுபடி இரண்டு அடி பின்தங்கியது. இந்தத் தடவை அது இருபது அடியாகும்வரை அவள் காத்திருக்கவில்லை. கெருபோவுக்குத் தலை நரைத்திருந்தது, இன்னும் நின்றுகொண்டேதான் சாப்பிட்டாள். பிள்ளை பெற்றாயிற்றே, இந்த முறை இரும்பு வைத்துக்கொள், இல்லையென்றால் ஐம்பது வயதில் மறுபடி வெட்ட வேண்டியிருக்கும் என்று கெருபோ மூன்று தரம் சொன்னாள். "இரும்பப் பார்த்து எந்தப் பசு பால் விடும்?" என்று கேட்டாள் தப்சபெய். அறைக்கு வெளியே பெஞ்சில் கிமேலி, மூச்சு, பர்சலோய் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். தரை துடைப்பவள் வேறு ஒருத்தி. அவளும் சுற்றித் துடைத்துவிட்டுப் போனாள்.

பழைய வால்வை கெருபோ ஒரு சின்னப் புட்டியில் போட்டு வெளியே கொண்டு வந்தாள். மூன்று இதழும் காய்ந்த தோல்போல விறைத்திருந்தன. மாடு செத்தால் தோலைக் காட்ட வேண்டுமல்லவா? பர்சலோய் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "நல்லா உழைச்சிருக்கு" என்றான். பிறகு, உள்ளே இப்போது என்ன வைத்தீர்கள் என்று கேட்டான். மாடு என்றதும், "அப்ப முப்பத்திரண்டு சரியாத்தான் இருக்கு" என்று புட்டியைப் போர்வைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினான்.

இப்போதும் கறவை நேரத்தில் ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே தப்சபெய்யின் நெஞ்சிலிருந்து மாடு கத்துகிறது, அக்கம்பக்கத்துப் பசுக்கள் பதில் சொல்கின்றன. புதிய மாட்டுக்கு யாரும் சபை கூட்டவில்லை. பழைய மாட்டுக்குப் பர்சலோய்க்குச் சேர வேண்டியது, வெள்ளை வயிற்றுச் சிவப்புக் கிடாரி ஒன்று. அதை இன்னும் கொடுக்கவில்லை.