சுத்தம் பண்ணின பாட்டு

நாத்தனாரிடம் பாட்டைப் போட்டுக் காட்டி அபிப்பிராயம் கேட்பதைவிட ஒரு பெண் பேசாமல் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வரலாம். நான் நன்றாக இருக்கிறது என்றால் ஒப்புக்குச் சொல்கிறேன் என்பார்கள். நன்றாக இல்லை என்றால் நாத்தனார் புத்தியைக் காட்டிவிட்டாள் என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் எனக்குத்தான் கெட்ட பேர். இதெல்லாம் தெரிந்தும் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் என் தம்பி பெண்டாட்டி வந்து என் வீட்டு அழைப்பு மணியை அடித்தாள். அவளுக்குப் பின்னால் என் தம்பி, கையில் ஒரு பென் டிரைவ், முகத்தில் கொள்ளாத சிரிப்பு.

விஷயம் இதுதான். நான் ஒரு பெரிய ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் சாயங்கால வேளைகளில் பியானோ வாசிக்கிறேன். எல்லாம் பழைய ஜாஸ் பாட்டுகள். எத்தனையோ பேர் பாடிப் பாடி எல்லாருக்கும் மனப்பாடமான பாட்டுகள். அதனால் மெட்டைச் சரியாகப் பாடினேன் என்று அங்கே யாரும் பெருமை அடித்துக்கொள்ள முடியாது. தனக்கென்று ஒரு பாணியில் பாட வேண்டும், அவ்வளவுதான். என்னோடு பாடிக்கொண்டிருந்தவள் போன மாதம் வேலையை விட்டுப் போய்விட்டாள். எங்கள் மேலாளரை நாங்கள் 'பார்க்கலாம்' என்று கூப்பிடுவோம். சம்பளம் கூட்டச் சொன்னாலும் பார்க்கலாம், பியானோவுக்குச் சுருதி சேர்க்கச் சொன்னாலும் பார்க்கலாம். அந்த மனுஷனிடம் தம்பி பெண்டாட்டியைப் பற்றிச் சொன்னபோது, "டெமோ அனுப்பச் சொல்லுங்க. இன்னும் ரெண்டு மூணு பேர் அனுப்புறாங்க. சனிக்கிழமை காலையில கேட்டுட்டு, பார்க்கலாம்," என்றார்.

அவள் பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள்; அந்த வெள்ளிக்கிழமை லீவு போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் பியானோ பக்கத்தில் நின்று பாடுவாள். அவள் பாடுவதில் ஒரு வம்பு உண்டு. பியானோ அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், இவள் அடுத்த வரியை ஆரம்பிக்கவே மாட்டாள். போச்சு, மறந்துவிட்டாள் என்று நினைப்பேன். அப்புறம் ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொல்கிறவள் மாதிரி மெல்ல வருவாள். அடிப்பாவி, எங்கே கற்றுக்கொண்டாய் இதை என்று எனக்கு நாக்கு நுனிவரை வரும். நாத்தனார் இல்லையா, விழுங்கிக்கொள்வேன்.

ஆனால் அவளை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. உல்லாசக் கப்பலுக்கு டெமோ அனுப்பினாள், பதில் இல்லை. வானொலிக்கு அனுப்பினாள், நன்றி என்று ஒற்றை வரி வந்தது. இன்னொரு ஓட்டலும் கையை விரித்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை என் சமையலறையில் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "இதுலயும் இல்லைன்னா விட்டுடறேன் அண்ணி. பாடறதையே விட்டுடறேன். ஒவ்வொரு தடவையும் மனசு தாங்க மாட்டேங்குது."

அதனால் அந்த மத்தியானம் எனக்கும் பயம்தான். பியானோவை நான் ஏற்கெனவே தம்பியின் பதிவு அறையில் வாசித்துக் கொடுத்திருந்தேன். அவள் அதன்மேல் பாடியபோது நான் இல்லை. "நீ போக்கா, மத்ததை நான் பார்த்துக்கறேன்," என்று அனுப்பிவிட்டான்.

"கண்ணை மூடிக்கிட்டு கேளுக்கா," என்றான் இப்போது.

கேட்டேன். குரல் அவளுடையதுதான். சுருதி சுத்தம். ஒவ்வொரு சொல்லும் என் பியானோவின் தாளத் தட்டுக்குச் சரியாக வந்து உட்கார்ந்தது, எழுந்தது, அடுத்தது வந்து உட்கார்ந்தது. முதல் பாட்டு முடிந்தது, இரண்டாவது முடிந்தது. மூன்றாவது ஆரம்பித்தது. பிரிவைப் பற்றிய பாட்டு அது. இவள் பாடியதைக் கேட்டால் ஏதோ லிப்டில் நிற்கிற மாதிரி இருந்தது.

பாட்டை நிறுத்தினேன்.

"எப்படிக்கா?" தம்பியால் உட்கார முடியவில்லை.

"நல்லாயில்லை," என்றேன். என் வாய் அப்படி. பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன், வந்தது இதுதான்.

அவள் முகம் தொங்கிப்போனது. அழுதிருந்தால்கூடத் தேவலை. தலையை ஆட்டினாள். "எனக்கும் தெரியும் அண்ணி. கேக்கும்போதெல்லாம் இது யாரோ மாதிரி இருக்கும். மைக்ல இப்படித்தான் கேக்கும்னு இவர் சொல்வாரு. என் குரலே இவ்வளவுதான் போல."

தம்பிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "உனக்கு ஒரு நல்ல வார்த்தை வராதா? பெத்த அம்மாவே உன் வாய்க்குப் பயப்படுவாங்க. ராத்திரி பகலா உட்கார்ந்து சுத்தம் பண்ணியிருக்கேன், தெரியுமா உனக்கு?"

"என்னடா சுத்தம்?"

அவன் தொழிலைச் சொல்ல வேண்டும். லிப்டில் 'கதவு மூடுகிறது' என்று ஒரு குரல் வருகிறதே, போனில் 'ஒன்றை அழுத்தவும்' என்கிறதே, அதையெல்லாம் பதிவு செய்து கொடுப்பவன் அவன். அதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. பேசுகிறவர் மூச்சு விடுவது, எச்சில் விழுங்குவது, தயங்குவது எதுவும் அவன் கையிலிருந்து வெளியே போகாது. யந்திரம் பேசுகிற மாதிரி சுத்தமாக இருக்க வேண்டும், அதற்குத்தான் அவனிடம் வருகிறார்கள்.

"டேய்," என்றேன், "இவ எங்கடா மூச்சு விட்டா? மூணு பாட்டு கேட்டுட்டேன், ஒரு இடத்துல காணோம்."

"எடுத்துட்டேன்," என்றான் பெருமையாக. "ஒண்ணு விடாம எடுத்துட்டேன். அது மட்டுமில்லக்கா..." பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "இவ எல்லா வரிக்கும் லேட்டா வர்றா. பாவம், சொன்னா மனசு கஷ்டப்படும்னு நான் ஒரு வார்த்தை சொல்லல. ஒவ்வொரு வார்த்தையா முன்னாடி இழுத்து, தட்டுல கொண்டுபோய் வெச்சேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அடக் கடவுளே, லேட்டாக வருவதுதானே அவள் பாட்டு!

அவள் எழுந்துவிட்டாள். "நான் லேட்டா வந்தேனா? வேணும்னுதான் வந்தேன். அண்ணியோட பாடறப்போ எப்பவும் அப்படித்தான் பாடுவேன்." பிறகு நிறுத்தினாள். அவளுக்கு ஏதோ உறைத்தது எனக்குத் தெரிந்தது. "கப்பலுக்கு அனுப்பினது?"

தம்பி தரையைப் பார்த்தான்.

"ரேடியோவுக்கு அனுப்பினது? அந்த ஓட்டலுக்கு?"

"எல்லாமே நல்லா வரணும்னுதான்..." என்றான்.

"இல்லைன்னு பதில் வந்தப்பல்லாம் பக்கத்துல உட்கார்ந்து தண்ணி கொடுத்தீங்களே," என்றாள். கத்தவில்லை. "என் குரல்ல என்ன குறைன்னு கண்ணாடி முன்னாடி நின்னு பாடிப் பாடிப் பார்த்தேனே. அவங்க யாருமே என் பாட்டைக் கேக்கல. உங்களைத்தான் கேட்டிருக்காங்க."

என் தம்பி சின்ன வயதிலிருந்தே அழுகிற ஆள் இல்லை. சோபாவில் இடிந்துபோய் உட்கார்ந்தான். அவனைத் திட்ட வேண்டும் என்று வந்த ஆத்திரம் எனக்குப் பாதியிலேயே போய்விட்டது. பாவிப்பயல், ஆசையாகத்தானே செய்திருக்கிறான். தொட்டதையெல்லாம் துடைத்துத் துடைத்துப் பழகிய கை, பெண்டாட்டி பாட்டையும் துடைத்துவிட்டது.

"அசல் பதிவு இருக்குல்ல? அதை அனுப்பிடலாம்," என்றேன்.

அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான். "வேலை முடிஞ்சதும் அழிச்சிடுவோம்க்கா. அதான் எங்க வழக்கம். இடம் அடைச்சுக்கும்."

சனிக்கிழமை காலையில் 'பார்க்கலாம்' கேட்க உட்கார்ந்துவிடுவார். தம்பியின் பதிவு அறையையோ அந்த வெள்ளிக்கிழமை முழுக்க ஏதோ வங்கி வேலைக்காகக் கொடுத்தாகிவிட்டது.

நான் போய்ப் பியானோ மூடியைத் திறந்தேன். "இங்கேயே பாடு."

"இங்கயா? தெருச் சத்தம் கேக்கும்," என்றான் தம்பி, பழக்க தோஷம்.

"கேக்கட்டும். உன் போனை எடு. பியானோ மேல வை. தொடாதே. கையைக் கட்டிக்கிட்டு உட்காரு."

அவள் தயங்கினாள். "எனக்குக் கோபமா இருக்கு அண்ணி. இப்போ பாட வராது."

"கோபத்தோடயே பாடும்மா. நீ பாடறது எனக்கு உசிரு." இத்தனை நாள் விழுங்கியது இப்படி வந்துவிட்டது. எனக்கே வெட்கமாகப் போய், சட்டென்று வாசிக்க ஆரம்பித்தேன்.

பிரிவைப் பற்றிய அதே பாட்டு. முன்வாசிப்பு முடிந்தது, அவள் வர வேண்டிய இடம் வந்தது, போனது. அவள் வரவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன், தம்பியின் கை தானாக முன்னால் நீண்டது, இழுத்து வைக்கப் போகிற மாதிரி. பிறகு அவனே அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டான். அப்போது அவள் மூச்சை இழுத்தாள். அறை முழுக்கக் கேட்டது. பாடினாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பாட்டைவிட இது வேறு. கீழே யாரோ இரும்புக் கதவைச் சாத்தினார்கள், அவள் பாட்டுக்குப் பாடினாள். நடுவில் ஒரு இடத்தில் குரல் லேசாக உடைந்தது, அவள் அதை மறைக்கவில்லை. கடைசி வரிக்கு வெகுநேரம் வராமலே இருந்து, நான் அதே இடத்தை இரண்டு தரம் சுற்றி வாசித்த பிறகு, வந்தாள்.

கடைசிச் சுரம் அடங்குவதற்குள் தம்பி பேசிவிட்டான். பதிவு அறையில் வளர்ந்தவன், பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது வாய் திறக்காதவன்.

"நான் குப்பைன்னு எடுத்துப் போட்டதெல்லாம் நீதானா?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனை நிறுத்தினான். விரல் தன்னால் திரையில் போய், பாட்டின் வாலை வெட்டும் இடத்தைத் தேடியது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருக்கட்டும்," என்றாள். "ஒண்ணையும் வெட்டாதீங்க."

அந்த ஒரே பாட்டைத்தான் அனுப்பினோம். கதவுச் சத்தத்தோடு, அவன் பேச்சோடு.

மறுநாள் 'பார்க்கலாம்' என்னைக் கூப்பிட்டார். "பாட்டு முடிஞ்சதும் ஒருத்தர் பேசறாரே, யாரு?"

"அவ புருஷன். என் தம்பி." தொலைந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"அதைக் கேட்டுட்டு மறுபடி முதல்லேர்ந்து போட்டுக் கேட்டேன்," என்றார். "வர்ற வியாழக்கிழமையிலேர்ந்து பாட வரச் சொல்லுங்க." அந்த மனுஷன் வாயில் அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த வார்த்தை வரவில்லை.

உடனே அவளுக்கு அடித்தேன். கண்ணாடிக் கடையில் இருந்தாள், பின்னால் யாரோ கண் பரிசோதனைக்காக எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கேட்டதோ இல்லையோ என்று, "என்னம்மா, இருக்கியா?" என்றேன்.

அப்புறம் அவள் மூச்சு விடுவது கேட்டது, நீளமாக, நிதானமாக. முழுசையும் கேட்டேன்.