விசில் வராத கஞ்சி

மல்டிகுக்கரின் மூடியைத் திறந்ததுமே மருமகளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. காலையில் நேரம் குறித்து வைத்துவிட்டுப் போன ஓட்ஸ் கஞ்சி, ஒரு கரண்டிகூடக் குறையாமல், ஆடை படிந்து இறுகிக் கிடந்தது.

"பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லுங்க மாமா. விடியறதுக்குள்ள எந்திரிச்சு ஆக்கி வைக்கிறேன், இப்படியா வீணாக்குறது?"

அவள் கஞ்சியைச் சுரண்டிக் குப்பையில் போட்டபோது மாமனார் ஒதுங்கி வழிவிட்டார், அவ்வளவுதான். பல்லையெல்லாம் பிடுங்கியதிலிருந்து அவருக்குக் கஞ்சியும் சூப்பும்தான் ஆகாரம். அதற்காகவே வாங்கிய குக்கர் அது. பக்கத்தில் ரொட்டி சுடும் இயந்திரம். அதில் சுட்ட ரொட்டியும் சூப்பில் நன்றாக ஊறினால் தொண்டையில் இறங்கும். இரண்டையும் முடுக்கிவிட்டு வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம், தன்னைப் போல ஒரு மருமகள் யாருக்கு வாய்ப்பாள் என்று அவள் மெச்சிக்கொண்டதும் உண்டு. அன்று ராத்திரி கோபத்தோடு ஒரு தம்ளர் பாலை மட்டும் அவர் முன்னால் வைத்தாள்.

மறுநாள் கண்ணாடிக் கடையில் யாருடைய மூக்குக் கண்ணாடிக்கோ திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

மாமனார் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்டக்டர் விசில் இல்லாமல் வண்டியை ஓரடி நகர்த்தியதில்லை என்பது அவருடைய ஆயுள் பெருமை. குக்கர் வந்த அன்று அவள்தான் கேலியாகச் சொன்னாள்: "இதுதான் இனிமே உங்க கண்டக்டர் மாமா. இது விசில் அடிச்சாத்தான் மூடியில கை வைக்கணும். இல்லன்னா ஆவி கையப் பொசுக்கிடும்." அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். சொன்னபடியே நடந்தார். முந்தாநாள் சாயங்காலம், அச்சகத்தில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் அவள் புருஷன், கஞ்சி வெந்ததும் குக்கர் போடும் அந்தக் கீ கீ சத்தம் தன் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று சலித்துக்கொண்டான். அவள் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்து அதன் வாயை அடைத்தாள். மாமனாரிடம் சொல்ல மறந்துபோனாள்.

முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தாள். குக்கருக்கு எதிரே நாற்காலி போட்டு, மடியில் காலிக் கிண்ணத்தோடு மாமனார் உட்கார்ந்திருந்தார். சமையல் முடிந்ததற்கான பச்சை விளக்கு எப்போதோ எரியத் தொடங்கியிருந்தது.

மகன் தூங்கும் அறையைக் காட்டி, உதட்டில் விரல் வைத்தார். பிறகு கிசுகிசுத்தார்.

"என்னம்மா, முதலாளி வெரட்டி விட்டுட்டாரா? நீ வந்ததும் நல்லதாப் போச்சு. அன்னிக்குத் தொடைக்கிறப்ப எதையோ அமுக்கிட்டேன் போல. நேத்திலருந்து விசிலே வரல. வெல கூடின சாமான்... கெடுத்துட்டேன்னு உங்கிட்ட சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு."

"நீங்க ஒண்ணும் கெடுக்கல மாமா. அது..."

அவள் கை தானாகப் போய் அந்தப் பட்டனை அழுத்திப் பிடித்தது. கீ கீ என்று குக்கர் கத்தியது. அறைக்குள் கட்டில் முனகியது. மாமனார் நிமிர்ந்து, நாற்காலிக் கையில் பட்டென்று ஒரு தட்டுத் தட்டினார்.

"ரைட்டு. போலாம்."

அவரே மூடியைத் திறந்தார். குபீரென்று எழுந்த ஆவியில் அவளுடைய மூக்குக் கண்ணாடி முழுக்க வெளுத்துப்போயிற்று. கரண்டி கிண்ணத்தில் இடிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் கிண்ணம் அவள் கைக்கு வந்தது.

"மொதல்ல நீ சாப்பிடும்மா. நேத்து அவ்வளவையும் வீணடிச்சிட்டேன்."

கிண்ணம் சுட்டது. அவள் அதைக் கீழே வைக்கவில்லை.