அத்தை போட்ட முடிச்சு

மாமியாருக்கு முன்னால் கெத்தாக இருக்க ஆசைப்படாத மாப்பிள்ளை இனிமேல்தான் பிறக்க வேண்டும். நம்மாள் அதில் ஒரு படி மேல். அத்தைக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். "கண்ணாடியப் பாருங்க, பள்ளத்தப் பாருங்க" என்று அவன் பண்ணிய அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல. அப்படிப்பட்டவன் அன்று காலை லைசென்ஸ் ஆபீஸ் வாசலில் காருக்கு அடியில் குனிந்து பார்த்து, திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தான்.

வழி முழுக்க அடியில் கரகரவென்று சத்தம். எஞ்சினில் சேறும் கல்லும் படாமல் காக்க வண்டிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதன் முன்பக்கக் கிளிப்புகள் உடைந்து, நாக்கைத் தொங்கப்போட்ட மாதிரி அது தரையில் உரசிக்கொண்டிருந்தது.

"எப்படி ஆச்சு மாப்பிள்ளை?"

"ஏதாவது கல்லு பட்டிருக்கும் அத்தை."

கல்லுமில்லை, மண்ணுமில்லை. முந்தின நாள் சாயங்காலம் தெருமுனை வேகத்தடையைக் கவனிக்காமல் வண்டியைப் பறக்கவிட்டது அவன்தான். அதை இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

அத்தை அன்று டிரைவிங் டெஸ்டில் பாஸாகியே தீர வேண்டும். பை தைக்கும் பட்டறையில் பாதி ஆயுளைக் கழித்தவர், பட்டறையை மூடியதும் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுகிற ரகமில்லை. குழந்தைகள் காப்பகம் ஒன்றில் பிள்ளைகளைக் காரில் வீட்டுக்குக் கொண்டுபோய் விடும் வேலையை அவரே தேடிப் பிடித்திருந்தார். பாஸான சீட்டை மறுநாள் காட்ட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். ஏற்கெனவே ஒரு தடவை ரிவர்ஸில் கோட்டை விட்டாயிற்று. தொங்குகிற தகட்டோடு போய் நின்றால் அதிகாரி வண்டியைத் திடலுக்குள்ளேயே விடமாட்டார். ஒர்க்ஷாப் எதுவும் இன்னும் திறக்கவில்லை.

"பேசாம பிச்சு எறிஞ்சிடலாமா அத்தை?"

"பின்னாடி கெட்டியாத்தானே இருக்கு? ஓரம் பிஞ்சுதுன்னு முழுப் பையையும் யாராவது தூக்கிப் போடுவாங்களா?"

அத்தை கைப்பையைத் திறந்தார். கோணி ஊசியும் நைலான் நூல்கண்டும் வெளியே வந்தன. பரீட்சைக்கு வருகிறவர் கோணி ஊசியோடு வருவாரா என்று கேட்கக் கூடாது. அவர் பல் டாக்டரிடம் போனாலும் அது கூடவே போகும்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் தரையில் படுக்கப் போனதும் அவன் பதறிப்போனான். மாமியார் மண்ணில் கிடக்க, மாப்பிள்ளை நின்று வேடிக்கை பார்ப்பதா? வரிசையில் நிற்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

"நீங்க எழுந்திருங்க அத்தை. நான் போறேன்."

அவன் உள்ளே ஊர்ந்தான். அத்தை சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டார். "கிளிப் இருந்த ஓட்டையில விடுங்க. மேல குறுக்க ஒரு கம்பி போகுதா? அதைச் சுத்தி எடுங்க. அந்தக் குழாய்ப் பக்கம் மட்டும் போயிடாதீங்க, சூட்டுல நூல் உருகிடும். எல்லாமே ரெட்டை முடிச்சு. போட்டுட்டு இழுத்துப் பாருங்க."

கடைசி முடிச்சுப் போடும்போது கண்ணில் மண் விழுந்தது. ஒற்றை முடிச்சோடு, "ஆச்சு அத்தை" என்று வெளியே வந்துவிட்டான்.

அதிகாரி குனிந்து பார்த்தார், தலையை ஆட்டினார், ஏறி உட்கார்ந்தார். மாப்பிள்ளை கம்பி வேலிக்கு வெளியே நின்றான். போன தடவை காலை வாரிவிட்ட ரிவர்ஸை அத்தை அலுங்காமல் குலுங்காமல் முடித்தார். மிச்சம் ஒரே ஒரு வளைவு. அவன் மூச்சு விடப் போன நேரம் பார்த்து, கரகரவென்று அந்தச் சத்தம் வேலி வரை கேட்டது. அவிழ்ந்தது எந்த முடிச்சென்று அவனுக்கா தெரியாது?

"ஓட்டிடுங்க அத்தை, கேக்காத மாதிரி ஓட்டிடுங்க" என்று வாய்க்குள்ளேயே கெஞ்சினான்.

அத்தை விளக்கைப் போட்டு, ஓரம் கட்டி, வண்டியை நிறுத்தினார். இறங்கினார். அத்தனை பேர் பார்க்க மல்லாந்து படுத்து உள்ளே போனார்.

"இந்தம்மா டெஸ்டுக்கு வந்துச்சா, மெக்கானிக் வேலைக்கு வந்துச்சா?" என்று எவனோ சிரித்தான். மாப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனைக் கவனிக்க நேரமில்லாமல், கார் நின்ற இடத்தை நோக்கி வேலியோரமாக ஓடினான்.

அதிகாரியும் இறங்கி நின்றிருந்தார். "யாரும்மா இதைக் கட்டினது?"

அடியிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "யார் கட்டினா என்ன சார். எங்க பட்டறையில ஒருத்தர் தைச்சா, இன்னொருத்தர் இழுத்துப் பாத்துத்தான் வெளிய விடுவோம். இழுத்துப் பாக்க வேண்டியது நான். பாக்காம எடுத்துட்டேன். தப்பு என்னோடது."

"இன்னும் ஒரு வளைவுதானே? ஓட்டி முடிச்சிருக்கலாமே?"

"நாளைக்கு உள்ள பிள்ளைங்க இருக்கும் சார்."

அதிகாரி கையிலிருந்த தாளில் எதையோ குறித்துக்கொண்டார். இந்த மனுஷிக்கா நாம் சொல்லிக்கொடுத்தோம் என்று மாப்பிள்ளைக்குப் பெருமை பொங்கியது. அதே நேரம் வெட்கம் பிடுங்கித் தின்றது.

முடிச்சை ரெட்டையாகப் போட்டு இழுத்துப் பார்த்து, மிச்ச வளைவையும் ஓட்டி முடித்து, முதுகெல்லாம் மண்ணோடு, கையில் சீட்டோடு அத்தை திடலை விட்டு வெளியே வந்தார். "பாஸ் மாப்பிள்ளை. நானே ஓட்டறேன், நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க."

தெருமுனை வந்ததும் வண்டி ஊர்ந்தது. முன்சக்கரம் வேகத்தடை மேல் மெல்ல ஏறி மெல்ல இறங்கியது, பிறகு பின்சக்கரம். அடியில் ஒரு சத்தமில்லை. அத்தை சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டார்:

"இதுதானே மாப்பிள்ளை அந்தக் கல்லு?"

அவன் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டான்.

"ஆமா அத்தை. பாக்காம எடுத்துட்டேன். தப்பு என்னோடது."

அத்தை சிரித்துக்கொண்டே கியரை மாற்றினார்.